இலைக்கு மிஞ்சிய வெயில்

ஒளியும் வெப்பமும் தாவர வாழ்வும் என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் தலைப்பு மிகவும் அகலமானது. ஒரு மணி நேரத்தில் அதை முழுக்கச் சொல்லப் போனால் ஒரு பாடநூலின் பொருளடக்கத்தைத்தான் வாசிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறேன். வெயிலை உணவாக்குவது இலை என்று பள்ளியில் படித்துவிட்டு, வெயில் கூடக்கூட உணவும் கூடும் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம். "வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற நாடு, விளைச்சலுக்கு என்ன குறை" என்று மேடைகளிலும் கேட்கிறோம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் செடிக்கு வெயில் பற்றாக்குறை பெரும்பாலும் கிடையாது. தன்னால் செலவழிக்க முடியாத வெளிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் அதன் தலையாய சிக்கல். செடியின் வடிவம், நிறம், இலை நரம்பின் நெருக்கம் வரை பலவற்றை இந்தச் சிக்கலுக்கான விடைகளாகப் படிக்க முடியும் என்பதே என் வாதம்.

விவசாயிக்கு இது புதிய செய்தி இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் ஊன்றுவது வெற்றிலைக் கொடியை அன்று, அகத்தி விதையை. அகத்தி வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் அதன் அடியில் கொடி வைப்பார்கள். கொடி ஏற ஏற அகத்தித் தண்டோடு சேர்த்துக் கட்டுவார்கள். நிழல் அடர்ந்தால் அகத்தியைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். ஏற்காட்டுக் காப்பிக்கு மேலே சில்வர் ஓக் மரம் நிற்பதும், ஏலம் காட்டு நிழலில் வளர்வதும் இதே கணக்குதான். வெளிச்சத்தை அளந்து ஊற்ற வேண்டும் என்று தெரிந்தவர்களின் தொழில் இது. ஆனால் நிழலை விரும்பும் பயிருக்கு மட்டுமே உரிய விதிவிலக்காக இதைப் பலரும் பார்க்கிறார்கள். திறந்த வெளியில் நிற்கும் நெல்லுக்கும் மாமரத்துக்கும் இது பொருந்தும் என்பதற்கு அளவீடுகள் உண்டு.

பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரில்லாச் செடியைப் புனலுக்குள் கவிழ்த்து வைத்து, மேலேறும் குமிழிகளை எண்ணியது பலருக்கும் நினைவிருக்கும். விளக்கை அருகே நகர்த்தினால் குமிழி கூடும். இன்னும் அருகே நகர்த்தினால் ஓரளவுக்கு மேல் கூடாது. அந்த இடத்தோடு பாடம் முடிந்துவிடும். உண்மையான பாடம் தொடங்குவது அங்கேதான். தெளிந்த வானத்து உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு வினாடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. நெல் போன்ற பயிரின் தனி இலை ஒன்று இதில் ஏறக்குறைய பாதிக்குள்ளேயே நிறைவடைந்துவிடும். நிழலில் வளர்ந்த இலைக்கு 100, 200 போதும். இதற்கான காரணத்தை 1905-இல் கேம்பிரிட்ஜின் பிளாக்மன் தெளிவாக எழுதினார்: பல படிகள் சேர்ந்த ஒரு வேலையின் வேகத்தை, அவற்றில் மிக மெதுவான படிதான் தீர்மானிக்கும். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது வெப்பத்தைக் கூட்டினாலும் ஒளிச்சேர்க்கை பெரிதாக மாறுவதில்லை. வெளிச்சம் நிறைந்திருக்கும்போது வெப்பம் அதை ஏற்றியும் இறக்கியும் காட்டுகிறது. ஆகவே ஒளியைப் பிடிக்கும் படி ஒன்று, பிடித்த ஆற்றலைக் கொண்டு கார்பனைக் கோக்கும் படி வேறொன்று. முன்னது இயற்பியல், குளிரோ சூடோ, பச்சையம் ஒளித்துகளை விழுங்கிக்கொண்டே இருக்கும். பின்னது நொதிகளின் வேலை. அதற்கு வெப்பம் வேண்டும், மிஞ்சினாலும் ஆகாது. வரவு ஒரு சட்டப்படியும் செலவு வேறொரு சட்டப்படியும் நடக்கிற வீடு இது.

இந்த இரண்டும் பொருந்தாமல் போகும் நேரம் உச்சிவெயில் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. நீலகிரியின் உறைபனிக் காலத்துக் காலை நேரத்தைப் பாருங்கள். இரவெல்லாம் மேகமற்ற வானம், புல்வெளிப் பள்ளங்களில் வெண்பனி, விடிந்ததும் கண்கூசும் வெயில். இலையின் நொதிகள் குளிரில் விறைத்துக் கிடக்கின்றன. பச்சையமோ முழு வேகத்தில் ஒளியை வாங்குகிறது. செலவாகாத ஆற்றல் ஆக்சிஜன்மேல் பாய்ந்து, செல்லைச் சிதைக்கும் வினைவேகமிக்க மூலக்கூறுகளைப் பெற்றெடுக்கிறது. உறைதல் ஒரு கேடு என்றால், அதன்மேல் விழும் வெளிச்சம் இரண்டாவது கேடு. 5 டிகிரியில் அதிகமாகப்படும் அதே ஒளி 28 டிகிரியில் அதே இலைக்கு அளவானதாக இருக்கும். ஒளியையும் வெப்பத்தையும் தனித்தனி அதிகாரங்களில் எழுதும் நம் பாடநூல்கள் இந்த உறவைத்தான் நழுவவிடுகின்றன.

மிஞ்சியதை இலை எப்படித் தள்ளுகிறது? பச்சையத்தை ஒட்டி சாந்தோஃபில் என்னும் மஞ்சள் நிறமிகள் உண்டு. ஒளி மிகும்போது அவற்றில் வயலாசாந்தின் என்பது சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறும்; பிடித்த ஆற்றலை வெறும் சூடாக வெளியேற்ற அது துணைநிற்கும். வெளிச்சம் தணிந்தால் திரும்பவும் பழைய உருவுக்கு வரும். ஒளிவினை மையத்தின் டி1 என்னும் புரதமோ அடிபடுவதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது: வெயில் கடுக்கும்போது பழுதாகும், அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டும் வேலை நாள் முழுவதும் நடக்கும். செல்லுக்குள் பசுங்கணிகங்கள் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டாக ஒதுங்கி, ஒன்றன் நிழலில் ஒன்று நிற்கும். மாமரத்தின் புதுத் தளிர் செம்பு நிறத்தில் தொங்குவதைப் பாருங்கள்: பச்சையம் இன்னும் சேரவில்லை, இலை விறைக்கவில்லை, நிமிராமல் கீழ்நோக்கித் துவண்டு கிடக்கிறது, சிவப்பு நிறமி மேலே போர்வை விரித்திருக்கிறது. நாளடைவில் நிமிர்ந்து பச்சையாகும். அந்தச் சிவப்பு வெயிலுக்கான குடையா, தின்ன வரும் பூச்சியை ஏய்க்கும் வேடமா என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு உண்டு. இரண்டுமாக இருப்பதற்கும் தடையில்லை. சேலைக்கடைக்காரர் மாந்தளிர் கலர் என்று எடுத்து விரிப்பது, ஒருவகையில், வேலை தொடங்காத இலையின் நிறம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். டெல்டாவில் சம்பாப் பருவத்தில் வடகிழக்குப் பருவமழை மூட்டம் பல நாள் நீடித்தால் நெல் விளைச்சல் குறைகிறதே, வெளிச்சம் மிச்சம் என்றால் மூட்டம் ஏன் உறுத்த வேண்டும்? மறுப்பு சரியானதுதான், அதற்கு விடையும் உண்டு. இலை வேறு, வயல் வேறு. மேல் இலைக்கு மிஞ்சுகிற அதே நேரத்தில், அதன் நிழலில் கிடக்கும் நாலாவது இலை பட்டினி கிடக்கிறது. வயல் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒளி நிறைவு எளிதில் வருவதில்லை. 1953-இல் ஜப்பானின் மொன்சியும் சாயெகியும் பயிர்த்திரளுக்குள் அடுக்கடுக்காக ஒளி குறைந்துபோகும் வகையைக் கணித விதியாகவே எழுதிக் காட்டினார்கள். 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல்லின் குட்டைத் தண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதன் நிமிர்ந்த இலையைப் பற்றிப் பேசுவது குறைவு. நிமிர்ந்த இலை உச்சிவெயிலைச் சாய்வாக வாங்கி, மீதியைக் கீழே விடுகிறது. மேலே வீணாகப் போவதைக் கீழே பங்கிடும் ஏற்பாடு அது. ஆக, மறுப்பு என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை; மிச்சமும் பற்றாக்குறையும் ஒரே செடியில் அரை முழத் தொலைவில் இருக்கின்றன என்று திருத்துகிறது. தள்ளும் பொறியும் தன்பங்குக்கு இழப்பு வைக்கிறது: மேகம் மறைத்த பிறகும் இலை சில நிமிடங்கள் ஆற்றலைச் சூடாக விரயம் செய்துகொண்டே இருக்கும். 2016-இல் புகையிலையில் இந்த மீட்சியை மரபணு மாற்றத்தால் விரைவுபடுத்தியபோது வயலில் செடியின் எடை சுமார் 15 விழுக்காடு கூடியது. வெயிலைக் கூட்டவில்லை, தள்ளியது போதும் என்று சற்று முன்னதாக நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இனி வெப்பம். இதில் எல்லாச் சிக்கலும் ருபிஸ்கோ என்னும் ஒரு நொதியைச் சுற்றியே இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையின் முதல் கண்ணியில் மாட்டுவது அதன் வேலை. மந்தமான வேலையாள்: ஒரு வினாடிக்கு ஏறக்குறைய மூன்று மூலக்கூறுகள்தான். மற்ற நொதிகள் பல ஆயிரத்தைத் தாண்டுவதுண்டு. அதனால் இலை அதை ஏராளமாகச் செய்து குவிக்கிறது. பல பயிர்களின் இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை இந்த ஒரே நொதி. மந்தம் கூடப் பொறுக்கலாம். ஆள் மாறிப் பிடிக்கிறதே, அதுதான் கேடு. கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது. ஆக்சிஜன் மிகுந்தால் ஒளிச்சேர்க்கை தாழ்கிறது என்று வார்பர்க் 1920-இலேயே பாசியில் கண்டிருந்தார்; குற்றவாளி ருபிஸ்கோவே என்பது 1971-இல் போவ்ஸ், ஆக்ரன் முதலியோரால் தெளிவாயிற்று. மிதமான 25 டிகிரியிலேயே நாலைந்து முறைக்கு ஒரு முறை இந்தப் பிழை நேர்கிறது. பிழையைச் சரிசெய்ய இலை ஆற்றலைச் செலவழித்து, பிடித்துவைத்த கார்பனையும் ஓரளவு வெளியே விட வேண்டியிருக்கிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். வெப்பம் ஏற ஏறப் பிழை பெருகுவதற்குக் காரணம் இரண்டு: சூடான நீரில் கரியமில வாயுவின் கரைதிறன் ஆக்சிஜனுடையதைவிட வேகமாகக் குறைகிறது, நொதிக்கே இரண்டையும் பிரித்தறியும் திறனும் மங்குகிறது. இத்தோடு, ருபிஸ்கோவைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும் ஆக்டிவேஸ் என்னும் துணைப்புரதம் 35 டிகிரிக்கு மேல் தானே தளர்ந்துவிடும். வெளியே வெயில் கொட்டுகிறது, உள்ளே வேலை நின்றுகொண்டிருக்கிறது.

இவ்வளவு கோளாறான நொதியை இயற்கை ஏன் திருத்தவில்லை என்று கேட்பார்கள். அது உருவான காலத்தில் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. பிரித்தறியும் தேவையே எழவில்லை. இன்றோ ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு 500 ஆக்சிஜன் மூலக்கூறுகள் நிற்கும் காற்றில் அது வேலை செய்கிறது. அந்த நெரிசலை வைத்துப் பார்த்தால் நாலைந்துக்கு ஒன்றுதான் தவறுகிறது என்பதே பாராட்டுக்குரியது என்று எனக்குத் தோன்றும். மேலும், பிழை குறைந்த ருபிஸ்கோக்கள் பொதுவாக இன்னும் மெதுவானவை. வேகமானவை அதிகம் தவறுகின்றன. ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பெற முடியும்.

நொதியைத் திருத்த முடியாத செடிகள் நொதியின் அறையைத் திருத்தின. 1966-இல் பிரிஸ்பேனில் ஹாட்சும் ஸ்லாக்கும் கரும்பில் தெளிவாக்கிய சி4 வழி அதுதான். வெளிச்செல் ஒன்று வேறொரு நொதியைக் கொண்டு கரியமில வாயுவைப் பிடிக்கிறது. அந்த நொதி ஆக்சிஜனுக்கு ஏமாறாது. பிடித்ததை நான்கு கார்பன் அமிலமாக உள்செல்லுக்கு அனுப்புகிறது. ருபிஸ்கோ அந்த உள் அறையில், கரியமில வாயு நிறைந்த காற்றில், நிம்மதியாக வேலை பார்க்கிறது. சோளத்தின் இலையைக் குறுக்காக மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியில் வைத்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம்: ஒவ்வொரு நரம்பையும் சுற்றி அடர்பச்சையில் தடித்த செல்கள் வளையமாக, மாலை தொடுத்தது போல. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே இரண்டு மூன்று செல்தான் இருக்கும். நெல்லில் இடைவெளி அதைவிடப் பெரிது. கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு எல்லாம் இந்த வகை. தண்டுக்கீரையும் அருகம்புல்லும் கோரையும் நெருஞ்சியும் அப்படியே. நெல் வயலில் நெல்லைத் தூக்கியடிக்கும் குதிரைவாலிப் புல்லின் பலத்தில் ஒரு பங்கு இதில் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு வாடகை உண்டு: ஒவ்வொரு கரியமில வாயு மூலக்கூறுக்கும் கூடுதலாக இரண்டு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறுகள். ஆற்றல் கணக்கில் இது நட்டம். வெளிச்சம் மிஞ்சியிருக்கும் இடத்தில் மட்டுமே அந்த நட்டம் நட்டமாகப்படாது. குளிர்ந்த, நிழலான காட்டுத் தரையில் சி4 செடி அரிதாக இருப்பதன் காரணமும் அதுவே. மிச்சமாகும் ஒளியைக் கொண்டு வெப்பத்தின் பிழையை விலைக்கு வாங்கித் தீர்க்கும் வழி இது. வரவும் செலவும் ஒரே ஏட்டில் எழுத வேண்டியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த விளக்கத்துக்கு நீலகிரிக்குள்ளிருந்தே ஒரு முரண் கிளம்பியது. ரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் அங்குள்ள சதுப்பு மண்ணில் படிந்திருக்கும் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, 20,000 ஆண்டுத் தாவர வரலாற்றை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சி4 செடிகள் கனமான கார்பன் 13-ஐச் சற்றுக் கூடுதலாக ஏற்பதால், மட்கிய மண்ணிலும் அந்தக் கையெழுத்து மிஞ்சியிருக்கும். பனியூழியின் உச்சத்தில் அங்கே ஓங்கியிருந்தவை சி4 புற்கள். அது இன்றைவிடக் குளிர்ந்த காலம். வெப்பத்துக்குப் பிறந்த வழி என்றால் குளிரில் ஏன் ஓங்க வேண்டும்? இந்த முரணைத் தாண்டாமல் என் வாதம் நிற்காது. ருபிஸ்கோவின் பிழை வெப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. கரியமில வாயு, ஆக்சிஜன் இவற்றின் விகிதத்தையும் பொறுத்தது. அந்தக் காலத்துக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 200-க்கும் கீழே. பருவமழையும் நொய்ந்திருந்தது, ஈரம் காக்க இலைத்துளையைச் சுருக்கினால் உள்ளே வரும் கரியமில வாயு இன்னும் குறையும். ஆகக் குளிரிலும் பிழை பெருகியது. பின்னர் மழை வலுத்து, வாயுவும் கூடியபோது இந்த ஏற்பாடு இல்லாத சி3 தாவரங்கள் மேலோங்கின. வெப்பம் ஒரு காரணி, ஆனால் தனிக் காரணி அன்று. வரவுக்கும் செலவுக்கும் உள்ள இழுபறியே மூலம். குமிழி எண்ணிய அதே ஹைட்ரில்லாவும் இதற்குச் சாட்சி. கோடையில் குளம் சுண்டி, பாசி அடர்ந்து, நீர் சூடாகி, கரியமில வாயு தீர்ந்து ஆக்சிஜன் நிறையும்போது, அது நரம்பைச் சுற்றிய மாலையமைப்பு எதுவும் இல்லாமலேயே சி4 வழிக்கு மாறிக்கொள்கிறது. அதன் கோடை, குளிர்கால இலைகளின் வேறுபாட்டை ஜகதீஷ் சந்திர போஸ் 1924-லேயே கவனித்து எழுதியிருக்கிறார். அதன் பொருள் விளங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இன்னொரு வழியையும் சொல்லிக் கடந்துவிடுகிறேன். தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, பகல் ஏற ஏறப் புளிப்புப் போய்விடுகிறது என்று 1813-இல் லண்டனுக்கு எழுதினார். பகலில் துளையைத் திறந்தால் நீர் போய்விடும் என்பதால் அந்தச் செடி இரவில் காற்றை வாங்கி அமிலமாகச் சேமித்து, பகலில் கதவை அடைத்துக்கொண்டு செலவழிக்கிறது. சோற்றுக் கற்றாழை, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி எல்லாம் இப்படித்தான். நம் பருப்புக்கீரை சி4 வழியில் நடந்து, வறட்சி கண்டால் இந்த இரவு வழியையும் சேர்த்துக்கொள்ளும்.

இவ்வளவு சாமர்த்தியம் உள்ள செடிகளுக்கு உலகம் ஒன்றிரண்டு டிகிரி சூடாவது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு வழிச்சாலையின் நடுவே தார்ச்சூட்டில் பூத்து நிற்கும் அரளி அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும். 20 டிகிரியில் வளர்த்த அரளியையும் 45 டிகிரியில் வளர்த்த அரளியையும் ஆய்வாளர் பியோர்க்மனின் குழுவினர் ஒப்பிட்டார்கள்: சூட்டில் வளர்ந்தது தன் செல்சவ்வுகளின் கொழுப்பையே மாற்றிக்கொண்டு உயர் வெப்பத்தில் மேலாக வேலை செய்தது. ஆனால் குளிர்ந்த நிலையில் அதற்குத் திறன் குறைந்துவிட்டது. இது வாழ்நாளுக்குள் நடக்கும் இசைவு. சி4 போன்றதோ பல லட்சம் ஆண்டுகளில் தலைமுறை தலைமுறையாகத் தேறியது. முன்னதைக் காட்டிப் பின்னதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கரியமில வாயு கூடுவதால் ருபிஸ்கோவின் பிழை குறையும், ஆகவே நெல் போன்ற சி3 பயிருக்கு ஆதாயம் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. இன்றைய 420-ஐத் தாண்டிய அளவில் அந்த ஆதாயம் மெய்யானது. அதே வாயு கொண்டுவரும் சூடு அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பது மறுபக்கம். பிலிப்பைன்ஸில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரையிலான கோடைப்பருவ விளைச்சலை ஆராய்ந்தபோது, இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைவதாகக் கண்டார்கள். பகலின் உச்ச வெப்பத்தோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஒளியே இல்லாத நேரத்துச் சூடு!

இதிலிருந்து என் வாதத்தின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளிச்சேர்க்கை மட்டுமே விளைச்சலைத் தீர்மானிப்பதில்லை. நெல்லுக்குச் சூட்டில் முதலில் உடைவது பெரும்பாலும் இலை அன்று, பூ. காலை ஒன்பது, பத்து மணியைத் தாண்டி நெற்பூ விரியும். அந்த ஒரு மணி நேரத்தில் காற்று 35 டிகிரியைக் கடந்தால் மகரந்தம் சரியாக விழாமல் பதராகும். இலை எவ்வளவு சர்க்கரை செய்து வைத்திருந்தாலும் நிரப்ப மணி இருக்காது. நெல்லை சி4 ஆக்கும் பெருமுயற்சி 2008-இலிருந்து நடக்கிறது. இன்னும் வயலுக்கு வரவில்லை. இதற்கிடையே ஜப்பான் ஆய்வாளர்களும் நெல் நிலையத்தாரும் ஒரைசா அஃபிஷினாலிஸ் என்னும் காட்டு நெல்லின் ஒரு பழக்கத்தை இனக்கலப்பால் நாட்டு நெல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் கலப்பு நெல்லின் பூக்கள் மற்ற நெல்லைவிட ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே விரிகின்றன. வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்கின்றன.